கழிவுநீரில் கலக்கும் ஹார்மோனை மக்கும் பொருட்களால் எடுக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னை நார் ஹார்மோனை உறிஞ்சுகிறது, இறால் ஓடு உறிஞ்சுகிறது, காளான் வைக்கோல் அதைத் தின்றே விடுகிறது என்று செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பாதி உண்மை, மீதியை விசாரிக்க வேண்டும். படிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் தெரிந்த பதில்களும் கீழே.

கழிவுநீரில் ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? எல்லாம் கருத்தடை மாத்திரையா?

இல்லை, பெரும்பகுதி நம் உடம்பிலிருந்துதான். ஆண், பெண் எல்லோருடைய சிறுநீரிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டு, கர்ப்பிணிகளிடம் பல மடங்கு அதிகம், மாட்டுத் தொழுவத்திலிருந்தும் வரும். மாத்திரையில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஹார்மோன். அளவில் குறைவு, ஆனால் வீரியம் அதிகம், எளிதில் சிதையாது. ஐரோப்பாவில் இதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் அங்கே மாத்திரைப் பழக்கம் பரவலாக இருப்பது. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் 100க்கு 5 பேர்தான் மாத்திரை எடுக்கிறார்கள், 38 பேர் போல அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அதனால் அங்கே எழுதியதை அப்படியே இங்கே தூக்கி வைக்கக் கூடாது.

அப்புறம், ஹார்மோனாக இல்லாமலே உடம்பில் ஹார்மோன் வேஷம் போடும் ரசாயனங்கள் இருக்கின்றன. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் ரசீதுத் தாளிலும் இருக்கும் பிஸ்பீனால்-ஏ, துணி ஆலைகளின் சலவை ரசாயனத்திலிருந்து வரும் நோனைல்ஃபீனால், பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட்டுகள், சோப்பிலும் பற்பசையிலும் போட்டுவந்த ட்ரைக்ளோசான். நம் ஊர்க் கழிவுநீரில் மாத்திரையை விட இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இதில் வேடிக்கையான விஷயம் ஒன்று உண்டு. உடம்பு ஈஸ்ட்ரோஜனை வெளியே அனுப்பும்போது அதோடு குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ ஒட்டி, வேலை செய்யாதபடி கட்டிப்போட்டுத்தான் அனுப்புகிறது. சாக்கடையில் இருக்கும் ஈ. கோலை மாதிரியான பாக்டீரியா அந்தக் கட்டை அவிழ்த்துவிட, ஹார்மோன் மறுபடி உயிர் பெற்று ஆற்றுக்குப் போகிறது.

நானோகிராம் கணக்கில்தானே இருக்கிறது, அதனால் என்ன ஆகிவிடும்?

ஒரு லிட்டரில் ஒரு நானோகிராம் என்றால் 100 கோடி லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 260 என்ற எண்ணுள்ள ஏரியில், 2001 முதல் 2003 வரை எத்தினைல் எஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான மஞ்சள் கருப் புரதம் உருவாக ஆரம்பித்தது, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போனது. முடிவுகள் 2007இல் வெளிவந்தன. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்து மீன்கள் திரும்பின, அது ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தில் இப்படிச் சோதனைக்கென்று கலக்கத் தேவையே இருக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே ஆற்றில் ரோச் மீன்களின் விந்தகத்துக்குள் முட்டைகள் இருந்ததை ஆய்வாளர்கள் 1990களில் பல ஆறுகளில் பதிவு செய்தார்கள்.

மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டால், குடிநீர் வழியாக வரும் ஈஸ்ட்ரோஜன் நாம் சாப்பிடும் பாலிலும் இறைச்சியிலும் இருப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பிஸ்பீனால்-ஏ நமக்கு வருவதும் பெரும்பாலும் உணவு, டப்பா வழியாகத்தான். ஆற்றில் கலப்பதால் அடி விழுவது முதலில் மீனுக்கும் தவளைக்கும். மனிதனைக் காட்டி பயமுறுத்தாமலே இதைச் சரிசெய்யக் காரணம் போதுமானது இருக்கிறது.

தமிழ்நாட்டு ஆறுகளில் இவை இருக்கின்றனவா?

இருக்கின்றன. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் ட்ரைக்ளோசான், அழகுசாதனப் பொருட்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் பாரபீன்கள், பிஸ்பீனால்-ஏ, நோனைல்ஃபீனால் வகைகளை அளந்து திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011லும் 2014லும் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

திருப்பூர்ப் பக்கம் இன்னொரு கோணம் உண்டு. சாயக் கழிவு என்றாலே நிறத்தையும் உப்பையும்தான் பேசுகிறோம். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுப்போய், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். ஆனால் துணியை அலசப் பயன்படும் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் நிறமில்லாதது, சாக்கடையில் சிதையும்போது தாய்ப்பொருளை விட நச்சான நோனைல்ஃபீனாலாக மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் சட்டம் போட்டுத் தன் ஆலைகளில் இதைக் கட்டுப்படுத்தியது, 2021 பிப்ரவரியிலிருந்து கழுவக்கூடிய துணிகளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே விற்கவும் முடியாது. ஏற்றுமதி ஆலைகள் ரசாயனத்தை மாற்றிக்கொள்ள இதுவே நல்ல நெருக்கடி. வடிகட்டி வைத்துப் பிடிப்பதை விட இது எவ்வளவோ மலிவு.

ஊரில் எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறதே, அது எடுக்காதா?

ஓரளவு எடுக்கும். காற்றை ஊதி பாக்டீரியா வளர்க்கும் நிலையம் நன்றாக ஓடினால் இயற்கை ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி சிதைந்துவிடும். குறிப்பாகக் கசடு பத்து நாளுக்கு மேல் தொட்டியில் தங்கும்படி நடத்தினால், மெதுவாக வளரும் பாக்டீரியாவுக்கு நேரம் கிடைத்து முடிவு மேம்படும். எத்தினைல் எஸ்ட்ரடையால் அவ்வளவு சுலபமாக மசியாது. நோனைல்ஃபீனால் தண்ணீரை விட்டுக் கசடில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கசடு வயலுக்குப் போனால் அதுவும் கூடவே போகும். செப்டிக் டேங்க் இன்னும் மோசம், காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுமே தவிர பெரிதாகச் சிதையாது.

எஸ்டிபிக்கு இங்கே விதித்திருக்கும் வரம்புகளில் பிஓடி, சிஓடி (இரண்டும் தண்ணீரிலுள்ள கரிம அழுக்கைக் காட்டும் அளவுகள்), மிதக்கும் திடப்பொருள், மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி என்றுதான் இருக்கிறது. ஹார்மோன் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் யாரும் அளப்பதும் இல்லை.

ஆர்.ஓ., ஓசோன், ஆக்டிவேட்டட் கார்பன் (கிளர்வூட்டிய கரி) எல்லாம் இருக்கும்போது மக்கும் பொருள் எதற்கு?

நியாயமான கேள்வி. அவை வேலை செய்கின்றன. சுவிட்சர்லாந்து 2016இல் சட்டம் கொண்டுவந்து, தலைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க் வசூலித்து, 700க்கும் மேற்பட்ட நிலையங்களில் 100க்கும் மேற்பட்டவற்றில் ஓசோனோ கார்பனோ சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஹார்மோன், மருந்து மாதிரி மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் நுண்மாசில் 80 சதவீதத்தை எடுக்க வேண்டும், 2040 கெடு. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் சட்டத்தைத் திருத்தி, ஒன்றரை லட்சம் பேருக்குச் சமமான கழிவு வரும் பெரிய நிலையங்களில் 2045க்குள் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறது, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் தர வேண்டும் என்றும். மருந்துக் கம்பெனிகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கின்றன, எதிர்பார்த்ததுதான்.

சிக்கல் செலவில். ஓசோன் மின்சாரம் தின்னும். ஆர்.ஓ. ஹார்மோனைப் பிரித்தெடுக்குமே தவிர அழிக்காது, உள்ளே போகும் தண்ணீரில் கால் பங்கு வரை கழிவாக வெளியே வரும், பிரித்த எல்லாமே அதில் செறிந்து கிடக்கும். அல்ட்ராஃபில்ட்ரேஷன் இதற்கு உதவாது, அதன் துளை ஹார்மோன் மூலக்கூறை விடப் பல மடங்கு பெரிது. ஒரு பேரூராட்சியோ ஐம்பது வீட்டு அபார்ட்மென்ட்டோ ஓசோன் வைக்கப் போவதில்லை. உள்ளூரில் கிடைக்கிற, பயன்படுத்தியபின் குப்பையாக நிற்காத பொருள் ஒன்று வேண்டும் என்ற தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்தெந்தப் பொருட்கள்? எப்படிப் பிடிக்கின்றன?

ஈஸ்ட்ரோஜன், பிஸ்பீனால்-ஏ, நோனைல்ஃபீனால் மூன்றுமே தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாதவை, எண்ணெய்ப் பசையுள்ள பரப்பைக் கண்டால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பரப்புக் கவர்தலை நம்பித்தான் பெரும்பாலான ஆய்வுகள்.

கைட்டோசான்: இறால், நண்டு ஓட்டில் அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கி, காரத்தால் புரதத்தை நீக்கி, கடைசியில் அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கிடைப்பது. மக்கும், மலிவு, மூலப்பொருள் குப்பையில் கிடக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அது தண்ணீரை விரும்பும் பொருள், ஹார்மோனோ தண்ணீரை விரும்பாதது, எனவே சும்மா போட்டால் அவ்வளவாகப் பிடிக்காது. அமிலத்தில் கரைந்தும் போகும். அதனால் குளூட்டரால்டிஹைடு மாதிரி ஒன்றைச் சேர்த்துப் பின்னிவிடுகிறார்கள், வேறு எண்ணெய்த் தன்மையுள்ள கூட்டங்களையும் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தோடும் பிடிக்கும் திறன் ஏறுகிறது, மக்கும் தன்மை இறங்குகிறது. கட்டுரைத் தலைப்பில் மட்டும் மக்கும் பொருள் என்றே இருக்கும்.

சைக்ளோடெக்ஸ்ட்ரின்: மாவுச்சத்திலிருந்து வரும், நடுவில் குழியுள்ள வளையம். குழிக்குள் தண்ணீர் பிடிக்காத சூழல், பிஸ்பீனால்-ஏ அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 2016இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு இதைப் பின்னி ஒரு பாலிமர் செய்தது. சில நொடிகளிலேயே பிஸ்பீனால்-ஏவைப் பெருமளவு பிடித்தது, மெத்தனாலில் கழுவினால் திரும்பப் பயன்பட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இது. ஆனால் பின்னப் பயன்படுத்தியது ஃபுளோரின் உள்ள ரசாயனம், ஆகவே மாவிலிருந்து வந்ததால் மக்கிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தென்னை நார், வைக்கோல், மரத்தூள் எல்லாம் ஓரளவு பிடிக்கும், காரணம் அவற்றில் உள்ள லிக்னின், மரத்துக்கு உறுதி தரும் பொருள். கழுவாத நாரைப் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கி சிஓடி ஏறும், ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்றைச் சேர்த்த கதை. பாலிலாக்டிக் அமிலம் மாதிரியான மக்கும் பிளாஸ்டிக்கையும் இழையாக நூற்றுப் பார்க்கிறார்கள். அது மக்குவதற்கு 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடுள்ள கம்போஸ்ட் வேண்டும், ஆற்றில் விழுந்தால் வெகுகாலம் கிடக்கும்.

தேங்காய்ச் சிரட்டைக் கரி இந்தப் பட்டியலில் சேருமா?

நன்றாக வேலை செய்யும், ஆனால் மக்காது. கரியாக்கியபின் அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், அதனால்தான் கார்பனைப் புதைத்து வைக்கும் வழியாகவே அதைப் பேசுகிறார்கள். சிரட்டைக் கரியை நீராவியில் 800, 900 டிகிரியில் கிளர்வூட்டினால் ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், அதன் நுண்துளைகள் இந்த அளவு மூலக்கூறுகளுக்கு நன்றாகவே பொருந்தும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது பெரிய தொழில். மக்கும் என்ற வார்த்தைக்காக இதை ஒதுக்கிவிட்டு வேறெதையோ தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முருங்கை விதை, தேத்தாங்கொட்டை?

கலங்கல் தெளியும். விதைப் புரதம் சேற்றுத் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் இறக்கும், அவ்வளவுதான். கரைந்திருக்கும் ஹார்மோன் அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே இருக்கும்.

"99 சதவீதம் நீக்கியது" என்று போடுகிறார்களே, நம்பலாமா?

எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள். பெரும்பாலும் காய்ச்சி வடித்த சுத்த நீரில், லிட்டருக்கு சில மில்லிகிராம் ஹார்மோன் கலந்து செய்த சோதனையாக இருக்கும். நிஜக் கழிவுநீரில் நானோகிராம் அளவு, அதாவது பத்து லட்சம் மடங்கு குறைவு. சுத்திகரித்த கழிவுநீரில்கூட வேறு கரிமப் பொருட்கள் மில்லிகிராம் கணக்கில் இருக்கும், பந்தியில் அவை முந்திக்கொண்டு எல்லா இலையிலும் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் ஹார்மோனுக்கு இடம் இருக்காது. அதே பொருளை நிஜ எஸ்டிபி தண்ணீரில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்த ஆய்வு இருந்தால் அதைப் படியுங்கள், அப்படிப்பட்டவை குறைவு.

பிடித்த பிறகு அந்தப் பொருளை என்ன செய்வது? மக்கிவிடும்தானே?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி, இதைத்தான் கேட்பதில்லை. பொருள் மக்கும், ஆனால் அது பிடித்து வைத்திருக்கும் ஹார்மோனும் சேர்ந்து மக்கும் என்று எந்த விதியும் இல்லை. ஹார்மோன் ஏறிய கைட்டோசான் உருண்டைகளைக் குப்பைக் கிடங்கில் கொட்டினால், உள்ளே காற்று இல்லை, கைட்டோசான் மெல்லச் சிதையும், பிடித்தது அவிழ்ந்து கசிவுநீரில் இறங்கும். குப்பைக் கிடங்குக் கசிவுநீரில் பிஸ்பீனால்-ஏ அதிகமாக இருப்பது பல நாடுகளில் பதிவான விஷயம், அங்கே இன்னும் கொஞ்சத்தைச் சேர்க்கிறோம். கரி இந்த விதத்தில் நேர்மையானது, பிடித்ததைச் சுலபத்தில் விடாது, மறுபடி சூளையில் போட்டால் பிடித்தது எரிந்து கரி மீண்டும் பயன்படும்.

மக்கும் பொருளுக்கு உருப்படியான வழிகள் சிலதான். காற்றோட்டமுள்ள சூடான கம்போஸ்டில் நன்றாக மக்கவைத்தால் இயற்கை ஈஸ்ட்ரோஜனும் நோனைல்ஃபீனாலும் வாரக்கணக்கில் வெகுவாகக் குறையும், காற்று இருப்பதுதான் இங்கே முக்கியம். அல்லது உலர்த்தி எரித்துவிடலாம். மெத்தனாலிலோ எத்தனாலிலோ கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் கழுவிய திரவத்தை என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். எல்லாவற்றையும் விட நல்லது, பிடித்த இடத்திலேயே அழிப்பது.

பிடித்த இடத்திலேயே அழிப்பது எப்படி?

லாக்கேஸ் என்ற என்சைம் இருக்கிறது. 1883இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் கண்டுபிடித்தார்கள், மரத்தை வெளுக்க வைத்து அழுகச் செய்யும் காளான்களிடம் இது நிறைய உண்டு. நான்கு தாமிர அணுக்களை வைத்துக்கொண்டு காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஃபீனால் வகைகளை ஆக்சிஜனேற்றும், மிஞ்சுவது தண்ணீர். ஈஸ்ட்ரோஜன், பிஸ்பீனால்-ஏ, நோனைல்ஃபீனால், ட்ரைக்ளோசான் எல்லாவற்றிலும் ஃபீனால் வளையம் இருப்பதால் இவற்றையெல்லாம் தாக்கும், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிப் படியும், ஹார்மோன் குணம் போய்விடும். தாலேட்டுகளை இது தொடாது, பிஎஃப்ஏஎஸ் என்னும் ஃபுளோரின் ரசாயனங்களையும் தொடாது. ஜீன்ஸ் துணியை வெளுக்கவைத்துப் பழைய தோற்றம் கொடுக்க ஆலைகளில் ஏற்கெனவே லாக்கேஸ் பயன்படுகிறது, அதனால் சந்தையில் கிடைக்காத பொருள் அல்ல.

இந்த என்சைமைக் கைட்டோசான் உருண்டையில் ஏற்றிவைத்தால் உருண்டை பிடிக்கும், என்சைம் அழிக்கும். மக்கும் பொருளுக்குப் பொருத்தமான வேலை என்று நான் நினைப்பது இதைத்தான், வெறும் பஞ்சாக இருப்பதை அல்ல. குறைகளும் உண்டு. காளான் லாக்கேஸுக்குச் சற்றே அமிலமான தண்ணீர் வேண்டும், கழிவுநீர் பிஎச் 7, 8இல் இருக்கும். குளோரைடு உப்பு அதை மந்தமாக்கும், திருப்பூர்க் கழிவில் உப்புக்குக் குறைவா?

என்சைம் விலை அதிகம் என்றால் காளானையே வளர்க்கலாமே?

செய்திருக்கிறார்கள். பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகக் குழு டிராமீட்டஸ் என்ற மரம் அழுகச் செய்யும் காளானைத் தொட்டியில் வளர்த்து மருத்துவமனைக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பார்த்தது. காளானுக்குக் குளுக்கோஸ் ஊட்ட வேண்டும், பிஎச்சை 4.5 பக்கம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழிவுநீர் பாக்டீரியா அதை ஓரங்கட்டிவிடும்.

நம் ஊருக்கு ஒத்துவரக்கூடியது சிப்பிக் காளான். குடில்களில் அறுவடை முடிந்ததும் தூக்கிப் போடும் வைக்கோலில் காளான் இழையும் லாக்கேஸும் மிச்சம் இருக்கும். காளானுக்கு உணவும் இருப்பிடமும் அந்த வைக்கோலே, தீர்ந்ததும் கம்போஸ்டுக்குப் போகலாம். கவனிக்க வேண்டியது, வைக்கோல் அழுகி பிஓடியை ஏற்றும். ஆகவே இதை எஸ்டிபிக்குக் கடைசியில் வைக்காமல், காற்று ஊதும் தொட்டிக்கு முன்னால் வைப்பதே புத்திசாலித்தனம்.

நாணல் படுகை வைத்தால் போதாதா?

சம்பு, நாணல் வளர்த்த சரளைப் படுகை இயற்கை ஈஸ்ட்ரோஜனை ஓரளவு குறைக்கும், தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும், வேர்ப்பக்கம் காற்று இருக்கும் செங்குத்து வகை இன்னும் நல்லது. பருவத்துக்குப் பருவம் முடிவு மாறும். மற்ற மாசுக்காக எப்படியும் வைப்பதாக இருந்தால் வையுங்கள், இதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

குறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

துல்லியமான அளவுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், செலவு அதிகம். இன்னொரு வழி, மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவைப் புகுத்திய ஈஸ்ட். ஈஸ்ட்ரோஜன் குணமுள்ள எது வந்தாலும் மஞ்சள் திரவம் சிவப்பாகும். எந்த ரசாயனம் என்று சொல்லாது, மொத்தத்தில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் குணம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். தாய்ப்பொருள் மறைந்து அதைவிட மோசமான ஒன்று பிறந்திருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும், அதனால் நான் இதற்கே கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கல்லூரி புராஜெக்ட்டுக்கு இதை எடுக்கலாமா?

தாராளமாக. காய்ச்சி வடித்த நீரோடு நிறுத்தாமல் பக்கத்து எஸ்டிபியின் தண்ணீரையும் வாங்கிச் சோதியுங்கள். பொருளைப் போட்ட பிறகு சிஓடி ஏறியதா என்று அளந்து எழுதுங்கள், ஏறினால் மறைக்காதீர்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எத்தனையாவது சுற்றில் விழுகிறது என்று பாருங்கள். காளான் வைக்கோல் என்றால், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) போட்டுக் காளானையும் என்சைமையும் கொன்ற வைக்கோலை இன்னொரு குடுவையில் கட்டாயம் வையுங்கள். அதிலும் அதே அளவு ஹார்மோன் குறைந்திருந்தால் காளான் எதையும் அழிக்கவில்லை, வைக்கோல் பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வைக்கோலை எத்தனாலில் அலசிப் பார்த்தால் பெரும்பகுதி திரும்பி வரும்.